கட்டவுட்டின் வலது முட்டி

கால்பந்தைக் கண்டுபிடித்தது யாராக வேண்டுமானாலும் இருந்துவிட்டுப் போகட்டும். அதைக் கட்டிக் காப்பாற்றி வருகிறவர்கள், பாறசாலைக்குப் பக்கத்தில் தமிழ்நாடு-கேரள எல்லையை ஒட்டிக் குடியிருக்கும் நாங்கள்தான். 'எல்லைக் கால்பந்து ரசிகர் பெருமன்ற'த்தின் செயலாளர் என்ற முறையில் இதை மிகுந்த தன்னடக்கத்துடன் சொல்லிக்கொள்கிறேன்.

இங்கிலாந்து லீக்கில் முதல் ஆட்டத்துக்கு விசில் ஊதும் முன்பே நாங்கள் கடமையை முடித்துவிட்டோம். அங்கே ஆடும் எங்கள் அபிமான அணியின் முன்னணி வீரருக்கு முப்பத்தைந்து அடியில் கட்டவுட்! ஊர் மைதானத்தில், வடக்குக் கோல் போஸ்ட்டுக்கு நட்டநடுவே, கான்கிரீட் போட்டு நிறுத்தினோம். கோல் அடிக்கிறவர் கோல் போஸ்ட்டில் நிற்காமல் மரச்சீனிக் கிழங்குத் தோட்டத்திலா நிற்பார்? தெற்குப் போஸ்ட்டில் ஆட்டம் பார்க்கத் திரை கட்டினோம். காற்றில் வீரர் ஆடிவிடக் கூடாதே என்று கோல் வலையை அறுத்து அவர் இடுப்பில் கட்டினோம்.

தலைவர் ராபின்சன் பல காலம் சபைக் கமிட்டியில் இருந்தவர். அவர் ஜெபம் பண்ணினார். துணைத்தலைவர் கைலாசம் ஓய்வுபெற்ற அரசு குமாஸ்தா. அவர் தேங்காய் உடைத்தார். மத நல்லிணக்கத்துக்கு எங்களை விட்டால் ஆளில்லை.

தொடக்க வாரத்தின் முதல் ஆச்சரியம் ஞாயிற்றுக்கிழமை நிகழ்ந்தது. கீழ்ப் பிரிவிலிருந்து இந்த வருடம்தான் மேலே ஏறி வந்த ஒரு பொடி அணி எங்களை மூன்று கோல் போட்டுச் சாத்தியது. எங்கள் வீரர் அடித்த பெனால்டி கேலரியில் போய் விழுந்தது.

இரண்டாவது ஆச்சரியம் அதைவிடப் பெரியது. மறுநாள் காலையில் மைதானத்துக்குள் ஒரு பந்து வந்தது.

அதைக் கொண்டுவந்தவள் மினி. ராபின்சனின் தங்கை மகள், கல்லூரி அணியின் கோல்கீப்பர்.

"மாமா, சனியாழ்ச்ச நெய்யாற்றின்கரையில எனக்கு ஜில்லா டீம் செலக்ஷனாக்கும். இந்த ஆளைக் கொஞ்சம் ஓரமா மாத்தி வைக்க ஒக்குமா?"

"எதுக்கு மக்கா?"

"பந்து விளையாடணும்."

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"மைதானத்திலயா?" என்றார் கைலாசம். "கமிட்டி கூடணும், தீர்மானம் போடணும். சும்மா அசைக்க ஒக்காது, கேட்டியா."

தீர்மானத்துக்குக் காத்திருக்கும் பொறுமை இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஏது? வீரரின் இரண்டு கால்களுக்கும் இடையில் போய் நின்றுகொண்டாள். அவள் அண்ணன் ஷிஜு பந்தைக் காலால் சவுட்ட, பாய்ந்து பாய்ந்து பிடித்தாள். ஒரு பந்தைத் தட்டி மேலே விட்டாள் பாருங்கள், அது நேரே போய் வீரரின் வலது முட்டியைக் கிழித்துவிட்டது.

அன்று சாயங்காலமே டிவியில் செய்தி வந்தது. பயிற்சியில் எங்கள் வீரருக்கு முட்டியில் அடி!

அவசரக் கூட்டம் கூடியது. மினியையும் வரவழைத்து நிறுத்தினோம்.

"எந்த முட்டி?"

"வலது."

"நம்ம கட்டவுட்டில?"

"அதுவும் வலதுதான்."

"ஏசுவே!" என்றார் ராபின்சன்.

"சிவ சிவா!" என்றார் கைலாசம்.

மினி தலையில் அடித்துக்கொண்டாள். "மாமா, அவரு இங்கிலாந்திலயாக்கும் இருக்காரு!"

"அதனாலதான் பிள்ளே, இங்க காலைல பட்ட அடி அங்க போய்ச் சேர சாயங்காலம் ஆச்சு" என்று விஞ்ஞான விளக்கம் கொடுத்தார் கைலாசம்.

முட்டி குணமாகும்வரை பந்தும் கையுறையும் பெருமன்றத்தின் 'பாதுகாப்பில்' இருக்கும் என்று ஏகமனதாக முடிவாயிற்று. கைலாசம் வீட்டு அலமாரியில் வைத்துப் பூட்டினோம். கட்டவுட்டைக் காரக்கோணம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் எக்ஸ்ரே எடுக்கலாம் என்ற என் யோசனையை, ஆம்புலன்சில் நுழையாது என்று தள்ளிவிட்டார்கள். கடைசியில் ஏணி வைத்து ஏறி, மஞ்சள் பற்றுப் போட்டு, துணி சுற்றினோம்.

சனிக்கிழமை மினி இரவல் கையுறையோடு தேர்வுக்குப் போனாள். திங்களுக்குப் பிறகு பந்தையே தொடாத கைகள். ஐந்து கோல் விட்டாளாம். பட்டியலில் பெயர் வரவில்லை. எங்களில் ஒருவராவது போயிருக்கலாம்தான். ஆனால் அதே நேரத்தில் முட்டிக்காகச் சிறப்பு ஜெபம் இருந்தது.

அது வீண்போகவில்லை. மறுநாள் எங்கள் வீரர் களமிறங்கி இரண்டு கோல் போட்டார்! வெடி போட்டோம், பாயசம் வைத்தோம், ராபின்சனும் கைலாசமும் கட்டிப்பிடித்து அழுதார்கள்.

திங்கட்கிழமை மினி வந்தாள்.

"முட்டி சரியாச்சில்லியா மாமா? என் பந்தைத் தாருங்க."

ராபின்சன் கனிவோடு சிரித்தார். "பந்து அலமாரியில இருந்ததுனாலயாக்கும் மக்கா முட்டி சரியாச்சு. வெளிய எடுத்து, திரும்பவும் வலி வந்தா யாரு பொறுப்பு?"

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "எனக்க செலக்ஷன் போச்சு மாமா. இனி அடுத்த வருஷமாக்கும். நீங்க யாராவது ஒரு நாளாவது பந்தைச் சவுட்டினதுண்டா?"

"ரசிகர்களைப் பாத்துக் கேக்குத கேள்வியா இது!" என்று கொதித்தார் கைலாசம்.

இனி இத்தகைய அவமதிப்பு நேராதிருக்க, அன்றே மைதான வாசலில் ஒரு பலகை வைத்தோம். வாசகம் அடியேனுடையது:

'கால்பந்து வாழ்க! இங்கே பந்து விளையாடக் கூடாது. இப்படிக்கு, கால்பந்து ரசிகர்கள்.'