பிள்ளையாருக்கு ஒரு பெரிய குழை

எழுத்துப் பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். கப்பல் கயிறு இழுத்துப் பழகிய கை. பேனாவைப் பிடித்தால் எழுத்தும் முறுக்கிக்கொள்கிறது.

எனக்கு என் சகலன் மேல் பொறாமை. அவர் அக்காவைக் கட்டினார், நான் தங்கையைக் கட்டினேன். துறைமுகக் கந்தோரில் அவர் கிளாக்கர். அதற்காகப் பொறாமைப்பட்டிருந்தாலும் ஒரு நியாயம் உண்டு. நான் பொறாமைப்பட்டது அவருடைய மன நிம்மதிக்கு. (அதைக்கூட விட்டுவைக்கவில்லை.)

ஞாயிறு தோறும் அவர் பஸ் ஏறிக் கப்பல்துறைக் காட்டுப் பக்கம் போவார். ஒரு குளக்கரையில், மரநிழலில் சும்மா இருப்பார். மத்தியானம் சிரித்த முகத்தோடு திரும்புவார்.

"அத்தானைப் பாருங்கோ," என்பாள் என் மனைவி சரசு. "காட்டுக்குப் போய் வந்தா முகமே தெளிஞ்சு போகுது. நீங்களும் இருக்கிறீங்களே, உர்ரெண்டு!"

"நானும் போறன்."

"போய்?"

"நிம்மதியாய் இருக்கப் போறன். அவரைவிட!"

அடுத்த ஞாயிறு அதே பஸ்ஸில் அவர் முன்னால், நான் பின்னால். கதைக்கவில்லை. (கூச்சம்.) வெள்ளை வேட்டி, வெள்ளைச் சேட்டு. நிம்மதி வரும்போது ஊத்தை உடுப்போடு நிற்கக் கூடாதல்லவா?

காட்டு வாசலில் பிள்ளையாருக்கு ஒரு மரம் உண்டு. போகிறவர்கள் இலையோடு பச்சைக் குழை ஒன்றை முறித்து அதன் அடியில் போட்டுக் கும்பிட்டுத்தான் உள்ளே போவார்கள். யானை, கரடி மறிக்காது என்று நம்பிக்கை. சகலன் சாண் நீளக் குழை ஒன்றைப் போட்டுவிட்டுப் போனார்.

இவ்வளவுதானா? பிள்ளையார் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கத்தானே போகிறார்! அடர்ந்த குழையாகத் தேடினேன். ஒரு கிளையில் இலைகளெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி, பந்து போலப் பொலிவாய் இருந்தன. தொங்கி முறித்து, காவடி போலத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தேன்.

அது முசுறுக் கூடு. இலைகளைத் தைத்துக் குடியிருக்கும் சிவப்பு எறும்பு. கப்பலடியில் வளர்ந்த எனக்கு அது என்ன தெரியும்?

முதலில் கழுத்தில் கடித்தது. பிறகு சேட்டுக்குள். பிறகு, எழுதக் கூச்சமான இடங்களில். அலறிக்கொண்டு சகலனைத் தாண்டி ஓடினேன். சேட்டு ஒரு பற்றையில், வேட்டி இன்னொரு பற்றையில், நான் குளத்துக்குள் கழுத்தளவு தண்ணீரில்.

"தம்பி, நீரோ அது?"

"ஓம் அண்ணை."

"என்ன செய்யிறீர்?"

"நிம்மதியாய் இருக்கிறன்."

அவர் என் வேட்டியைத் தடியால் தூக்கிப் பார்த்தார். "முசுறு முழுக்கப் போகுமட்டும் அதிலயே நில்லும்," என்றார்.

நின்றேன். வேறு வழி? குளிர்ந்த தண்ணீரில் கடி மெல்ல ஆறியது. எதிரே பட்ட மரத்தில் ஒரு நீர்க்காகம் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தது. தாமரை இலை ஒன்று வந்து என் தாடையில் முட்டியது. அந்தக் குளத்தில் ஒருத்தருக்கும் நான் யாருடைய சகலன் என்று தெரியாது. எனக்கே கொஞ்ச நேரம் மறந்துபோனது. அப்படி ஒரு அமைதியை அதற்கு முன் நான் அறிந்ததில்லை.

"அண்ணை, நீங்கள் ஏன் இஞ்ச வாறனீங்கள்?"

வேட்டியை உதறியபடியே சொன்னார்: "வீட்டில இருக்க ஏலாது தம்பி. விடிஞ்சா உம்மட கதைதான். 'தங்கச்சியின்ர மனுசனைப் பாருங்கோ, அதிர்ந்து ஒரு சொல்லுக் கதைக்கமாட்டார், எவ்வளவு அமைதி' எண்டு. உம்மட பேர் கேளாத இடம் இந்தக் காடு ஒண்டுதான். இப்ப இஞ்சயும் வந்திட்டீர்!"

சிரித்த சிரிப்பில் பாதிக் குளம் வாய்க்குள் போனது. என் மேலும் ஒருவருக்குப் பொறாமை! கடித்த இடமெல்லாம் இனித்தது.

இப்போது இருவரும் சேர்ந்துதான் போகிறோம். ஆளுக்கொரு மரம், கதை பேச்சு இல்லை. அவருடைய மரத்துக்கு நிழல் கொஞ்சம் கூட. (அளக்கவில்லை. பார்த்தாலே தெரியும்.)

சகலன் வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம். இருக்கவில்லை. அன்றிலிருந்து நான் பிறர் வீட்டுப் பொருளைச் சற்றே உற்றுப் பார்த்தாலும், "என்னப்பா, குழை பெரிசோ?" என்பாள் சரசு. போன கிழமை என் மகளின் கலியாணம். அடுத்த தெருவில் வேறொரு கலியாணத்துக்குப் போட்டிருந்த பந்தலை நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றேன். தாலி கட்டி ஒரு மணித்தியாலம்கூட ஆகாத மருமகன் காதருகே குனிந்து, மிக மரியாதையாகக் கேட்டார்:

"மாமா, குழை பெரிசோ?"

சகலன் வாசல் படலையில் நின்று கூப்பிடுகிறார். பஸ் வந்துவிடும்.

11.02.1979, ஞாயிறு காலை.