காது தெரியாத படம்

கல்முனையில் யாருடைய அடையாள அட்டையை வேண்டுமானாலும் வாங்கிப் பாருங்கள். முகம் மங்கியிருக்கலாம், மூக்கு வேறு யாருடையதோ போலத் தோன்றலாம். ஆனால் இரண்டு காதும் முழுசாகத் தெரிந்தால் அது காது காக்கா எடுத்த படம். காக்கா என்றால் எங்கள் ஊரில் அண்ணன். அவருடைய சொந்தப் பெயர் அவர் மனைவிக்காவது ஞாபகம் இருக்குமா என்பது சந்தேகம்.

கமராவுக்கு முன்னால் உட்கார்ந்தவனிடம் அவர் சுகம்கூட விசாரிக்க மாட்டார். நேரே வந்து முடியைக் காதுக்குப் பின்னால் தள்ளுவார். "ரெண்டு காதும் தெரியணும் தம்பி" என்பார். காது தலையோடு ஒட்டிப் பிறந்தவர்களுக்குப் பின்னால் பஞ்சு வைத்துக்கூட எடுத்திருக்கிறார்.

அப்படிப்பட்டவர் காட்டு மிருகங்களைப் படம் பிடிக்கக் கிளம்பியதற்குக் காரணம் நாங்கள்தான். தன் படத்தைப் பார்த்து 'இது நானில்லை' என்று சண்டைக்கு வராத மனிதன் இந்தக் கரையில் இன்னும் பிறக்கவில்லை. வெறுத்துப்போய் ஒருநாள் சொன்னார்: "நான் இதில கறுப்பா இரிக்கன் என்டு ஆனை வந்து ஒருநாளும் சொல்லாது." அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆ தொழுகை முடிந்த கையோடு என் மோட்டார் சைக்கிளின் பின்னால் ஏறிவிடுவார்.

முதல் யானை இறக்காமத்தில், குளத்தடியில் கிடைத்தது. எங்களைப் பார்த்ததும் இரண்டு காதையும் அகல விரித்தது. வயலில் நின்றவர்கள் எல்லோரும் வரம்பில் விழுந்தடித்து ஓடினார்கள். யானை காதை விரித்தால் துரத்தப் போகிறது என்பது அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். காக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. முப்பது வருசத்தில் சொல்லாமலே காது காட்டிய முதல் ஆள் இதுதான் என்று உருகிக்கொண்டு நின்றார். கொலரைப் பிடித்து இழுத்து வந்து மோட்டார் சைக்கிளில் ஏற்றினேன். படம் என்னவோ அருமையாக வந்திருந்தது. பாஸ்போட்டுக்கே கொடுக்கலாம்.

அடுத்தது பாழ்வீடுகள். ஒலுவில் கரையில், கடல் அரித்து ஆட்கள் விட்டுப்போன வீடுகளுக்குள் ஸலாம் சொல்லித்தான் நுழைவார். சொல்லிவிட்டுப் பதில் வருகிறதா என்று கொஞ்ச நேரம் நிற்பார். அந்தக் கொஞ்ச நேரத்தில் எனக்கு உயிர் போய் வரும். வாசலுக்கு இரண்டு பக்கமும் ஜன்னல் இருந்தால்தான் எடுப்பார். ஒன்று இடிந்திருந்தால் அந்த வீடு தள்ளுபடி.

இதையெல்லாம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்த எனக்கு, தங்கச்சியின் கல்யாணப் பேச்சில் சிரிப்பு நின்றது. எங்கள் பக்கம் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவார். வாப்பா அவளுக்குக் கட்டிய வீட்டுக்குப் பின்னால் கைவிடப்பட்ட நெல் மில் ஒன்று இருந்தது. அதற்குள் யாரோ பெருமூச்சு விடுகிறார்கள், வெள்ளை முகமொன்று எட்டிப் பார்க்கிறது, ஜின்தான் என்று கதை பரவியது. அந்த வீட்டில் மகனைக் குடிவைக்க ஏலாது என்று மாப்பிள்ளையின் உம்மா சொல்லியனுப்பினார். தங்கச்சி மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

காக்காவிடம் ஓடினேன். மறுநாள் மத்தியானமே கமராவோடு மில்லுக்குள் போய் வந்தார். கூரை மரத்தில் உட்கார்ந்து நேரே பார்க்கும் வெள்ளைமுகக் கூகை ஆந்தை ஒன்று படத்தில் இருந்தது. பக்கத்தில் மூன்று குஞ்சுகள். பெருமூச்சு அவற்றினுடையது. நான் கையை நீட்டினேன். அவர் படத்தை மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினார்.

"தர ஏலா தம்பி. காது தெரியிதில்ல."

கூகையின் காது இறகுக்குள் இருக்கிறது என்று விளக்கினேன், கெஞ்சினேன், கத்தினேன். வாப்பா வந்து கேட்டுப் பார்த்தார். மனுசன் அசையவில்லை. கடைசியில் தங்கச்சியே ஸ்டூடியோவுக்கு வந்தாள்.

"காக்கா, எனக்கு அவரத்தான் புடிச்சிரிக்கி" என்றாள். வீட்டில் எங்கள் யாரிடமும் அவள் அதைச் சொன்னதில்லை.

காக்கா கடையைப் பூட்டிக்கொண்டு மில்லுக்குப் போனார். பகல் முழுக்கக் கழுத்தை நிமிர்த்தியபடி காத்திருந்தார். பின்னேரம் அஸர் பாங்கு சொல்லும் நேரம் கூகை காலைத் தூக்கி முகத்தைச் சொறிந்ததாம், இறகு விலகியதாம், உள்ளே ஓட்டை தெரிந்ததாம். மற்றப் பக்கத்தையும் அது சொறியும் வரை இருந்து பார்த்துவிட்டுத்தான் வந்தார். படத்தின் பின்னால் எழுதினார்: 'இரண்டு காதும் உள்ளன. நேரில் கண்டேன்.' கீழே கையெழுத்துப் போட்டு ஸ்டூடியோ முத்திரையும் குத்தினார்.

மாப்பிள்ளையின் உம்மா படத்தை முன்னும் பின்னும் பார்த்தார். மறுத்தது தான் என்பதையே மறந்து மகன் பக்கம் திரும்பினார். "இதுக்கா மகன் பயந்த?"

கல்யாணம் நல்லபடி நடந்தது. கூகை இன்றைக்கும் தங்கச்சி வீட்டு ஹோலில் தொங்குகிறது. காது தெரியாமல் காக்கா வெளியே விட்ட ஒரே படம் அது.

போன மாதம் பாஸ்போட்டுக்குப் படம் எடுக்க அவரிடம் போனேன். அவருக்கு வயதாகிவிட்டது. மெல்ல நடந்து வந்து, என் முடியைக் காதுக்குப் பின்னால் தள்ளி, "ரெண்டு காதும் தெரியணும் தம்பி" என்றார். அதற்காகவே இரண்டு மாதமாக முடி வெட்டாமல் இருந்தேன்.