தண்ணீருக்கு ஓடும் தேர்

எந்த வரைபடத்திலும் இல்லாத, ஆனால் வரி மட்டும் ஒழுங்காக வசூலாகிற சகடநாட்டில் அணை ஒன்று, சீமைகள் இரண்டு. எந்தச் சீமைக்குத் தண்ணீர் விடுவது என்பதை ஆண்டுதோறும் ஒரு தேர்ப் பந்தயம் தீர்மானித்தது. மன்னர் இதை நீதி என்றார். மக்களும் கைதட்டினார்கள்.

ஒவ்வோர் ஆண்டும் மேற்சீமையின் விசயாதித்தனே வென்றான். மன்னரின் மைத்துனன். அவன் தேரை இழுத்தவை கொழுத்த நாலு குதிரைகள். கீழ்ச்சீமைத் தேருக்கு எலும்பும் தோலுமாக இரண்டு மட்டக்குதிரைகள். தண்ணீர் வராத ஊரில் புல் எங்கே முளைக்கும்?

“ஜெயிக்கிறது தேருதான், ஆளில்ல” என்று முணுமுணுப்பு எழுந்தது. தலைமை நடுவர் குணபத்திரர் உடனே ஆணையிட்டார்: “வெற்றி முற்றிலும் சாரதியின் திறமை. ஐயுறுவோர் ஊரில் கிணறு தோண்டத் தடை.” அடுத்த ஆணை இன்னும் கருணையானது. தோற்றவர்களுக்கு ஊக்கம் பிறக்கும்பொருட்டு, அவர்களுடைய குதிரைகளில் ஒன்றை வென்றவருக்குக் கொடுத்துவிட வேண்டும். கீழ்ச்சீமைக்கு ஒற்றைக் குதிரை மிஞ்சியது.

அந்தக் கோடையில் அங்கே கைக்குழந்தைகள் செத்தன. கீழ்ச்சீமையின் சாரதி ஒச்சம்மா நேரே சபைக்கு வந்தாள்.

“எல்லாம் ஆளோட தெறமதான்னா, தேர மாத்திக்குவோம் சாமி. அவுக எங்க வண்டிய ஓட்டட்டும்.”

வெற்றி சாரதியின் திறமை என்ற ஆணையில் மன்னரின் முத்திரையே இருந்ததால் மறுக்க வழியில்லை. தேர்கள் மாறின. ஒச்சம்மா எல்லைக்கோட்டைத் தாண்டி, குதிரைகளை அவிழ்த்துத் தண்ணீர் காட்டியபோதும், விசயாதித்தன் முதல் வளைவில் நின்று ஒற்றைக் குதிரையைத் திட்டிக்கொண்டிருந்தான்.

குணபத்திரர் தொண்டையைச் செருமினார். “ஆழ்ந்து ஆராய்ந்ததில், வெற்றி தேருடையது என்பது தெளிவாகிறது. தேர் மேற்சீமையுடையது. ஆகவே தண்ணீரும் மேற்சீமைக்கே.”

கூட்டம் கொதித்தது. ஆள்தான் என்று பாதிப் பேர், தேர்தான் என்று பாதிப் பேர். கீழ்ச்சீமைக்காரர்களே ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். ஒச்சம்மா தேர்த்தட்டில் ஏறி நின்று கத்தினாள்.

“அணையக் கட்டுனது ரெண்டு சீமையும் சேந்துதான? குடிக்கிற தண்ணிக்கு எதுக்குய்யா பந்தயம்?”

சட்டையைப் பிடித்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மேடையில் குணபத்திரருக்கு முகம் வெளுத்தது. நல்லவேளையாக அவர் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. முன்வரிசையில், நாக்கு வறண்டு நின்ற அவள் ஊர்க்காரர் ஒருவர் கோபமாகக் கேட்டார்:

“பந்தயமே வேணாங்கிறியா? அப்ப அடுத்த வருசம் நாம எப்படித்தான் ஜெயிக்கிறது?”