ஒரு கச்சருக்கு எத்தனை பேர்?

"எங்கடின் மலைப்பக்கம் ஹோட்டல் வேலை கிடைச்சிட்டுது அண்ணை. இனி விளையாட வரமாட்டன்," என்று நிருசன் கையுறையை மேசையில் வைத்தான். சுவிஸின் வின்டர்தூர் தமிழர் பேஸ்போல் கழகத்தின் மனேஜர் பாலேந்திரன் தேநீரைக்கூடக் கீழே வைக்கவில்லை.

நிருசன் கழகத்தின் ஒரே கச்சர். முகமூடி போட்டுக் குந்தியிருந்து, எறிகிற பந்தையெல்லாம் பிடிக்கிறவன். ஜனவரி முப்பத்தொன்றுக்குள் ஒரு கச்சரோடு ஒன்பது பேரைப் பதியாவிட்டால் அடுத்த கோடையில் ஆட்டமே இல்லை. பதினொரு வருடமாகப் பிள்ளை மாதிரி வளர்த்த கழகம். நிருசன் போக மிச்சம் இருந்ததும் பதினொரு பேர்தான்.

"கச்சர்தானே? மாத்தி எடுப்பம்," என்றார் பாலேந்திரன்.

அமெரிக்கக் கழகங்களின் குளிர்கால மாற்றங்கள் அவருக்கு மனப்பாடம். பாஸ்டன் தன் சிறந்த ஆட்டக்காரரை நியூயோர்க்குக்கு விற்றுவிட்டு 2004 வரை கிண்ணத்தைக் காணாமல் கிடந்ததை ஒவ்வொரு பொதுக்கூட்டத்திலும் தேநீரும் ரோல்ஸும் வருமுன்னே சொல்லிவிடுவார். 1976இல் பிட்ஸ்பேர்க் ஒரு கச்சரையும் காசையும் கொடுத்து ஓக்லண்டின் மனேஜரை வாங்கிய கதைக்கு மட்டும் நெஞ்சு கொஞ்சம் நிமிரும். செயலாளர் சாருஜா எல்லாவற்றையும் கூட்டக் குறிப்பில் எழுதிக்கொள்வாள்.

அன்றே துன் நகரத் தமிழர் கழகத்தை நடத்தும் சிவகலாவுக்குப் போன் எடுத்தார். பந்து எறிகிற பானுஜனையும் இன்னொருவரையும் கொடுத்து ஒரு கச்சரை வாங்கினார். வந்தவருக்கு முழங்காலில் ஒப்பரேசன் செய்து வைத்த ஆணி. குந்தினால் எழுப்ப இரண்டு பேர் வேண்டும்.

"நீங்கள் கேக்கேல்லையே அண்ணை," என்றாள் சிவகலா.

பாலேந்திரன் அசரவில்லை. இப்போது பந்து எறியவும் ஆள் இல்லை என்பதால் துன்னுக்கே மேலும் இருவரைக் கொடுத்து ஒருவரை வாங்கினார். அந்த மனிதர் நன்றாகத்தான் எறிந்தார். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் ஹோட்டலில் காலை உணவு பரிமாறுகிற வேலை. ஆட்டங்கள் எல்லாம் ஞாயிற்றுக்கிழமை.

மூன்றாவது முறையும் இருவருக்கு ஒருவர், மறுபடி ஒரு கச்சர். இவருக்கு முழங்காலிலும் குறைவில்லை, ஞாயிறும் லீவு. பயிற்சிக்கு வந்து கையுறையை முகர்ந்து பார்த்தார்.

"இது மாட்டுத்தோல் எல்லோ? நான் தீட்சை எடுத்தனான்," என்று திருநீற்றைத் தொட்டபடி ஓரமாகப் போய் நின்றார்.

சாருஜா பட்டியலைப் பார்த்தாள். "ஆறு பேர் துன்னுக்குப் போயிட்டினம் அண்ணை. எங்களிட்டை எட்டுப் பேர்தான். கச்சர் இல்லை."

வேலியில் போன ஓணானை மடியில் விட்டுக்கொண்ட கதைதான். பாலேந்திரனுக்கு முதல்முறையாகப் பயம் வந்தது. கழகம் போய்விட்டால் ஞாயிற்றுக்கிழமைகளில் தான் என்ன செய்வது என்று யோசித்தார், ஒன்றும் தோன்றவில்லை. ஆனாலும் வெளியே காட்டவில்லை. மாற்றப் படிவங்கள் மூன்றில், கொடுக்கிறவரின் பெயர் எழுதும் இடத்தை வெறுமையாக விட்டு, கையெழுத்தை மட்டும் போட்டார். எங்கள் சங்கங்களில் செயலாளரை நம்பி அப்படிப் போடுவது வழக்கம்.

"நல்ல கச்சர் ஒண்டு வேணும். ஆரைக் குடுத்தாலும் எனக்குச் சம்மதம். சரித்திரத்தைப் பாத்துச் செய்யுங்கோ பிள்ளை."

ஜனவரி முப்பதாம் திகதி, பயிற்சி மண்டபத்துக்கு யதுஷா வந்தாள். துன் கழகத்தின் முதலாம் தரக் கச்சர். குந்தினாள், எழும்பினாள், பத்துப் பந்தில் பத்தையும் பிடித்தாள். ஞாயிறு வேலை இல்லை, தோலுக்கும் ஆட்சேபம் இல்லை. சாருஜா ஒன்பது பெயரையும் பதிந்து முடித்தாள்.

பாலேந்திரன் சந்தோஷத்தில் எல்லோருக்கும் கைகொடுத்தார். இப்படி ஒரு மாற்றத்தை அமெரிக்காக்காரனும் செய்திருக்கமாட்டான் என்று குட்டிப் பிரசங்கமே வைத்தார். சாருஜா மட்டும் தலை நிமிராமல் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தாள். கடைசியில், இத்தனை நாளும் கேட்காத கேள்வியைக் கேட்டார்.

"அதுசரி பிள்ளை, உம்மை எடுக்கத் துன்னுக்கு ஆரைக் குடுத்தது?"

யதுஷா முகமூடியைக் கழற்றினாள்.

"உங்களைத்தான் அண்ணை, நீங்கள் அனுப்பின ஆறு பேரும் மனேஜர் வராட்டி விளையாடமாட்டம் எண்டு நிக்கினம்."