அர்மானின் பாட்டில் சூப்பில் போன விவரம்

பெர்தினியாக் ஒயின் தோட்டக் குடியிருப்பு,
மார்ச் 19

மரியாதைக்குரிய நாத்தனார் ஜெர்மேன் அக்காவுக்கு,

உங்கள் தம்பி பெண்சாதி ஒதில் எழுதுவது. இங்கே நானும் ஏழு கோழிகளும் சுகம். பாரிஸில் உங்கள் முழங்கால் மடங்குகிறதா, மகள் எலியானின் கல்யாண உடுப்பு தைத்தாகிவிட்டதா என்றெல்லாம் அறிய ஆவல். நான் நாலாவது வகுப்போடு நின்றவள், பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதம் கிடைத்தது. உங்கள் தம்பி வாக்குக் கொடுத்த பாட்டில் ஜூன் மாதம் எலியானின் பந்தியில் இருந்தே ஆக வேண்டும், சம்பந்தி நீதிபதி, அவரிடம் பெர்தினியாக் ஒயின் என்று சொல்லியாகிவிட்டது, பாட்டில் வராவிட்டால் ஈஸ்டர் கழிந்து தம்பிக்காக வைக்கும் பூசைக்கு நானும் வரமாட்டேன், உன் வாசற்படியே மிதிக்கமாட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்ததிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை அக்கா. அவர் பக்கத்து மனுஷி என்று எனக்கு மிச்சம் இருப்பது நீங்கள் ஒருத்திதான். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், கடைசிவரை படித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

அந்தப் பாட்டில் உங்களுக்குத் தெரியும். அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்று முதலாளி ஐயா தன் கையால் கொடுத்தது, அவர் நிலவறையில் வேலைக்குச் சேர்ந்த வருஷத்து ஒயின். முப்பத்து நாலு வருஷம் அவருக்கு வேலையே பீப்பாய் பீப்பாயாக ருசி பார்த்துத் துப்புவதுதான். “உலகத்திலேயே உசந்த ஒயினை அவ்வளவு துப்பினவன் நான் ஒருத்தன்தான் ஒதில், விழுங்கியிருந்தா ரெண்டாம் நாளே வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்க” என்பார். அந்தப் பாட்டிலையும் திறக்கவில்லை. அலமாரிக்குப் பின்னால் இருட்டில் படுக்கப்போட்டு, தூசியைக்கூடத் தட்டாதே என்று எனக்குக் கட்டளை. பிப்ரவரியில் அவர் போன மறுநாள், துக்கத்துக்கு வருகிறவர்கள் வீட்டைப் பார்ப்பார்களே என்று நான் எல்லாவற்றையும் கழுவினேன், ஜன்னலைக் கழுவினேன், கோழிக்கூட்டைக் கழுவினேன், அந்த வேகத்தில் பாட்டிலையும் எடுத்துச் சோப்புத் தண்ணீரில் முக்கித் தேய்த்துவிட்டேன். மாளிகைப் படம் போட்ட காகிதம் வாழைப்பழத் தோல் மாதிரி உரிந்து வந்துவிட்டது. காய்ந்ததும் ஒட்டலாம் என்று சமையலறை ஜன்னலில் வைத்தேன். பக்கத்தில் அன்றாட ஒயின் பாட்டில்கள் ஆறு. இனி எது மகராஜா, எது கூலிக்காரன் என்று யாருக்குத் தெரியும்?

அடக்கம் முடிந்து எல்லாரும் வீட்டுக்கு வந்தார்கள். கொடி கவாத்துப் பண்ணுகிற மாசம், பாதிப் பேர் கோட்டுப் பையில் கத்தரிக்கோலோடேயே கோயிலுக்கு வந்திருந்தார்கள், முழங்காலிட்டபோதெல்லாம் கிளிங் கிளிங் என்று சத்தம், பாதிரியார் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். முட்டைக்கோசும் உப்புப் பன்றிக்கறியும் போட்டுப் பெரிய பானையில் சூப் வைத்திருந்தேன். நம்மூர் ஆம்பிளைகள் சூப்பை முடிக்கிற விதம் பாரிஸ் போய் உங்களுக்கு மறந்திருக்காது, உங்கள் அப்பாவே செய்வார்: அடியில் நாலு கரண்டி இருக்கும்போது அதில் ஒயினை ஊற்றி, ஒரு சுழற்றுச் சுழற்றி, கிண்ணத்தைத் தூக்கி அப்படியே குடிப்பது. நிலவறையில் அவருக்குக் கூட்டாளியாக இருந்த லூசியன்தான் ஜன்னலிலிருந்து பாட்டில்களை எடுத்து வந்து தக்கை பிடுங்கி, வரிசையாக எல்லாருக்கும் ஊற்றினார். மற்ற நாளாக இருந்தால் லூசியனின் மூக்கு அந்த ஒயினைத் தெருக்கோடியிலிருந்தே கண்டுபிடித்திருக்கும். அன்றைக்கு அவருக்குக் கடுமையான ஜலதோஷம்.

அந்த நேரம் பார்த்து முதலாளி ஐயா துக்கம் விசாரிக்க வந்தார். பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து மரியாதையாகச் சூப் குடித்தார். கடைசியில் கரண்டியால் வழிக்கப் போனார், லூசியன் விடவில்லை.

“ஐயா, இது அர்மான் வீடு. இங்க கரண்டியால வழிச்சா நாங்க கோவிச்சுக்குவோம்.”

“ஊத்துப்பா, ஊத்து” என்று கிண்ணத்தை நீட்டினார். ஒரு மடக்குக் குடித்தார். கிண்ணத்தைக் கீழே வைத்தார். மறுபடி எடுத்து முகர்ந்தார்.

“ஒதில் அம்மா, இது என்ன ஒயின்?”

“சமையல்கட்டு ஒயின்தாங்க ஐயா.”

அவர் என்னைப் பார்த்தார், மீசை துடைத்துக்கொண்டிருந்த அத்தனை பேரையும் பார்த்தார். “அர்மானுக்கு நான் குடுத்த பாட்டில் எங்கேம்மா?” என்றார். நான் ஜன்னலைப் பார்த்தேன். அவ்வளவுதான். எல்லாரும் குனிந்து அவரவர் கிண்ணத்தையே பார்க்கிறார்கள். அறுவடைக்காரர் ரெமோன்தான் முதலில் வாயைத் திறந்தார்.

“இருபத்தெட்டு அறுவடை என் முதுகுல கூடை சுமந்திருக்கேன். இதுதான் அதுன்னா, சூப்புல உப்பைக் கொஞ்சம் குறைச்சிருக்கலாமே ஒதில்!”

சிரிக்கக் கூடாது என்று பல்லைக் கடித்தேன் அக்கா, முடியவில்லை. அவரைப் புதைத்துவிட்டு வந்த அன்றைக்கே சிரித்துவிட்டேன். லூசியன் மட்டும் மேஜையில் தலையை வைத்து அழுதார். முதலாளி ஐயா இன்னும் கொஞ்சம் சூப் கிடைக்குமா என்று கேட்டார். அந்தத் தோட்டத்தில் வெட்டினவன், சுமந்தவன், மிதித்தவன், பீப்பாய் உருட்டினவன் எல்லாரும் அந்த ஒயினை முழுங்கினது அன்றைக்குத்தான், அதுவும் முட்டைக்கோசோடு.

ஆகவே பாட்டில் இல்லை. லூசியனை மன்னித்துவிடுங்கள், ஜலதோஷத்துக்கு மனுஷன் என்ன செய்வான்? எலியானுக்கு என் முத்தங்கள், நூறு வருஷம் சிரித்துக்கொண்டு வாழட்டும். நீதிபதி ஐயாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். குளிரில் முழங்காலுக்கு ஃபிளானல் சுற்றிக்கொள்ளுங்கள்.

உங்கள் தம்பியின்
ஒதில்

பின்குறிப்பு: அக்கா, கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன், மனசு கேட்கவில்லை. நான் பாட்டிலைக் கழுவவே இல்லை. கழுவினது அவருடைய சட்டைகளை. அவர் போன மறுநாள் கை சும்மா இருக்கமாட்டாமல் எல்லாச் சட்டையையும் கொதிக்கவைத்து அலசிக் காயப்போட்டுவிட்டேன். சாயங்காலம் ஒன்றை எடுத்து முகத்தில் வைத்தால் வெறும் சோப்பு வாசனை. பதினாலு சட்டையையும் பார்த்தேன், ஒன்றிலும் அவர் இல்லை. அதனால்தான் பாட்டிலைத் திறந்தேன். காகிதத்தை உரித்ததும் நான்தான், மறுநாள் அடக்கத்துக்கு வருகிறவர்கள் யாரும் கண்டுபிடிக்கக் கூடாதே என்று. வேலை முடிந்து நிலவறையிலிருந்து வந்து கதவைத் திறப்பாரே, அதே வாசனை. ஒரு மணி நேரம் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு வாய் குடித்தேன், அதற்கு மேல் தனியாக இறங்கவில்லை. அதனால் பந்திக்குக் கொண்டுபோய் வைத்தேன். லூசியனுக்கு ஜலதோஷமே கிடையாது, முதல் மடக்கிலேயே தெரிந்துகொண்டார். “பழி என் தலையில கிடக்கட்டும் ஒதில், ஜெர்மேன் என்னைத் திட்டுறது புதுசா?” என்றார். வாக்கு மீறினது நான், திட்டுவதானால் பூசைக்கு வந்து நேரில் திட்டுங்கள். தக்கையை இதோடு வைத்திருக்கிறேன். உறையைப் பிரித்ததும் முகர்ந்து பாருங்கள், நாளுக்கு நாள் குறைகிறது. வரும்போது மறக்காமல் திருப்பிக் கொண்டுவந்துவிடுங்கள்.