முதலாளி சட்டையில் நீடில் லைன்

என் கண் பொய் சொல்லாது என்று இருபத்தாறு வருஷமாகச் சொல்லித் திரிந்தவன் நான். திருப்பூரில் பனியன் துணி செக்கிங்தான் என் வேலை. வெளிச்சம் போட்ட மேடைமேல் துணி ஓடும். குறை கண்ணில் பட்டால் நிறுத்தி, அந்த இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். கல்யாண வீட்டுக்குப் போனாலும் மாப்பிள்ளையின் பனியனில் ஓட்டை இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன். (என் மனைவி சரசு என்னோடு விசேஷங்களுக்கு வருவதை நிறுத்தியதற்கு இது ஒரு காரணம்.)

இப்படிப்பட்ட எனக்கு இதயத்தில் குறை வந்தது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று தாளம் தப்பித் தடதடக்கும். கோயமுத்தூரில் டாக்டர் பார்த்துவிட்டு, அப்லேஷன் செய்ய வேண்டும் என்றார். தொடை இடுக்கு வழியாக ஒயர் மாதிரி ஒரு குழாயை இதயம்வரை அனுப்பி, தாளத்தைக் கெடுக்கிற இடங்களைச் சுட்டுவிடுவார்கள். செய்தார்கள். மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

நெஞ்சு அடங்கியது. ஆனால் மற்றதெல்லாம் கிளம்பியது. இரண்டு இட்லி தின்றால் வயிறு விருந்து சாப்பிட்டதுபோல் உப்பியது. தொண்டை கட்டி, பேசினால் தகரத்தைத் தேய்க்கிற சத்தம் வந்தது. தொடையில் பெரிய ரத்தக்கட்டு. அது நேவி புளூவில் தொடங்கி, பாட்டில் கிரீன் ஆகி, மஸ்டர்டுக்கு வந்தது. தினமும் காலையில் ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து ஷேடு பார்த்தேன்.

“ஏனுங்க, அது காலுங்க. டையிங்ல இருந்து வந்த துணி இல்லீங்க” என்றாள் சரசு.

ஆஸ்பத்திரியில் ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். வெயிட் தூக்காதே, வண்டி ஓட்டாதே, இரண்டு வாரம் ஓய்வெடு. கடைசி வரி: புதிதாக எந்த மாற்றம் இருந்தாலும் உடனே போன் செய்யவும். அந்தத் தாளில் ஒரு எழுத்துப் பிழையைக் கண்டுபிடித்து வட்டம் போட்டேன். மற்றபடி அதை நான் பயன்படுத்தவில்லை.

ஒரு வாரத்திலேயே கம்பெனிக்குக் கிளம்பினேன். குழந்தைகள் துணி ஆர்டர் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. நான் இல்லாமல் அது எப்படிக் கப்பல் ஏறும்? (எனக்கு முன்னாலும் கப்பல்கள் போய்க்கொண்டுதான் இருந்தன என்பது அப்போது தோன்றவில்லை.) “உக்காந்து பாக்கறதுன்னா போங்க. துணி ரோலத் தூக்குனீங்கன்னு தெரிஞ்சுது, நானே வந்து கூட்டிட்டு வந்துருவேன்” என்று சொல்லி அனுப்பினாள் சரசு.

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணி இருக்கும். மேடையில் வெள்ளைத் துணி ஓடிக்கொண்டிருந்தது. இடது ஓரத்தில் ஒரு கோடு. நிட்டிங் மிஷினில் ஊசி கெட்டுப் போனால் துணியில் நெடுகக் கோடு விழும். அதை நீடில் லைன் என்போம். அது நேராக ஓடும். இதுவோ பல் பல்லாக வளைந்து, கொஞ்சம் மின்னவும் செய்தது. அந்த நிமிஷமே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “இது புது வகை.”

ஸ்டிக்கர் ஒட்டினேன். நிட்டிங் மாஸ்டர் தங்கவேலு ஓடிவந்து, துணியைத் தூக்கிப் பார்த்தார், இழுத்துப் பார்த்தார்.

“எனக்கு ஒண்ணும் தெரியலீங்களே.”

“கண்ணாடியை மாத்துங்க மாஸ்டர்” என்றேன்.

பக்கத்தில் இருந்த செக்கிங் பெண்கள் இருவரும் குனிந்து பார்த்தார்கள். பத்து வருஷமாக என்னிடம் திட்டு வாங்கியவர்கள். “ஆமாங்ணா, லேசாத் தெரியுதுங்க” என்றாள் ஒருத்தி. “நல்லாவே தெரியுதுங்க” என்றாள் இன்னொருத்தி.

அந்த ஆர்டர் முழுக்க ஏழாம் நம்பர் மிஷினில் ஓடியது. அதை ஓட்டியவர் ராம்பாபு. பீகாரில் இருந்து வந்து வீரபாண்டியில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் நாற்பது வயது மனிதர்; ஊரில் மனைவியும் மூன்று பிள்ளைகளும். அவர் மிஷினை நிறுத்தி, சந்தேகப்பட்ட ஊசிகளை மாற்றினார். அடுத்த ரோலில் கோடு இல்லை. “பாத்தீங்களா?” என்று தங்கவேலுவைப் பார்த்தேன்.

புதன்கிழமை மறுபடி கோடு. ராம்பாபு மிஷினில் இருந்த ஊசி அத்தனையும் மாற்றினார். அன்று வீட்டில் டிவியிலும் அதே கோடு தெரிந்தது. கேபிள்காரருக்குப் போன் போட்டுத் திட்டினேன்.

வியாழக்கிழமை மூன்றாவது தடவை கோடு வந்தபோது என் பொறுமை போய்விட்டது. முதலாளியிடம் போய், “மிஷின்ல குறையில்லீங்க சார், ஓட்டற ஆளுகிட்டத்தான் குறை. அந்தாள வெச்சு ஓட்டுனா ஆர்டர் திரும்பி வந்துரும்” என்றேன். இருபத்தாறு வருஷக் கண் சொன்னதை அவர் மறுக்கவில்லை. மறுநாளில் இருந்து ராம்பாபு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை காலை முதலாளியே ரோல்களைப் பார்க்க வந்தார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி. மேடையில் துணியை ஓட்டினேன். சிவப்பு அம்புகள் வரிசையாக வந்தன. அம்பு காட்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை.

“எங்கீங்க மணி, கோடு?”

“வெளிச்சம் பத்தலீங்க சார்” என்றேன். இன்னொரு லைட் போட்டார்கள். அப்போதும் இல்லை. தங்கவேலு கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சரியாக அந்த நேரம், மின்னிக்கொண்டு, பல் பல்லாக, கோடு வந்தே விட்டது.

“இதோ பாருங்க சார்!” என்று விரலை நீட்டி அவர் பக்கம் திரும்பினேன். கோடும் திரும்பியது. துணியை விட்டு இறங்கி அவர் சட்டைப் பையில் போய் நின்றது.

பார்த்ததைச் சொல்லியே பழகிவிட்டவன். “சார், உங்க சட்டையிலயும் நீடில் லைன் இருக்குதுங்க.”

அவர் குனிந்து சட்டையைப் பார்த்தார். “வேற எங்காச்சும் இருக்குதுங்களா?”

“உங்க நெத்தியிலயும் இருக்குதுங்க.”

யாரும் சிரிக்கவில்லை. முதலாளி கார்ச் சாவியை எடுத்தார். அவிநாசி ரோட்டில் கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது முன் கண்ணாடியிலும், எதிரே வந்த லாரியிலும் கோடு தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் தானாக மறைந்தது. மூளைக்கு ஏதோ ஆகிவிட்டது என்று முடிவு செய்துவிட்டேன். ரொம்பப் பயமாக இருந்தது. சரசுவுக்குப் போன் போட்டு, உடனே ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னேன்.

ஸ்கேன் எல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டர் வந்தார். பக்கவாதம் இல்லை. சிகிச்சையின்போது இதயத்தின் நடுச்சுவரில் சின்னத் துளை போட்டுத்தான் அந்தப் பக்கம் போவார்களாம். அதற்குப் பிறகு சிலருக்கு, தலைவலியே இல்லாமல், ஒற்றைத்தலைவலிக்கு முன்னால் கண்ணில் தெரிகிற வளைந்த வெளிச்சக் கோடு மட்டும் வந்து போகுமாம். சில வாரங்களில் சரியாகிவிடும் என்றார்.

“ஆனா மொத நாளே போன் பண்ணியிருக்கணும். ஏன் சொல்லலை?”

“துணியில இருக்குதுன்னு நெனச்சுட்டேனுங்க.”

டாக்டர் பக்கத்தில் இருந்த நர்ஸைப் பார்த்தார். நர்ஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் தங்கவேலுவின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து வீரபாண்டிக்குப் போனேன். ராம்பாபு ஊருக்குப் போக மூட்டை கட்டி வைத்திருந்தார். எனக்குத் தெரிந்த இந்தி முழுக்கத் திட்டுவதற்கு உதவுகிற இந்தி. மன்னிப்புக் கேட்கிற வார்த்தை ஒன்றும் அதில் இல்லை. என் கண்ணைத் தொட்டுக் காட்டி, “துணி நல்லது. மிஷின் நல்லது. இதுதான் டேமேஜ்” என்றேன்.

முதலாளி திரும்ப வேலைக்கு வரச் சொன்னதைத் தங்கவேலு எடுத்துச் சொன்னார். ராம்பாபு என் கண்ணை உற்றுப் பார்த்து, “அண்ணா, நான் எல்லா நீடிலும் மாத்துச்சு. நீங்க அப்பவும் கோடு சொல்லுச்சு. என் கண்ணு போச்சுன்னு நான் பயந்துச்சு. ஊர்ல போய்க் கண் டாக்டர் பாக்கலாம்னு நெனச்சுச்சு” என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. மூட்டையைப் பிரித்துவிட்டுத்தான் டீ போட்டுக் கொடுத்தார்.

மூன்று மாதம் கழித்துப் பரிசோதனைக்குப் போனோம். கோடு வருவது எப்போதோ நின்றிருந்தது. டாக்டர் இசிஜி தாளை நீட்டி, தாளம் சரியாக இருக்கிறது என்று காட்டினார். சரசு அதை வாங்கி உற்றுப் பார்த்தாள்.

“ஏனுங்க டாக்டர், இதுல வளைஞ்சு வளைஞ்சு ஒரு கோடு போகுதே, இது உங்களுக்கும் தெரியுதுங்களா?”

அதோடு விட்டாளா? இன்றைக்கும் ரசத்தில் உப்புக் குறைவு என்று வாயைத் திறந்தால் போதும், “மொதல்ல செவுத்தப் பாத்துட்டு வந்து சொல்லுங்க” என்கிறாள். என் மகளும் அதையே சொல்கிறாள். கம்பெனியில் அது சட்டமாகவே ஆகிவிட்டது. குறை என்று நான் மேடையை நிறுத்தினால், முதலில் வெள்ளைச் சுவரைப் பார்க்க வேண்டும். கோடு சுவரிலும் இருந்தால் எனக்கு லீவு.

போன மாதம் ஏழாம் நம்பர் மிஷின் துணியில் ஒரு கோடு கண்ணில் பட்டது. சுவரைப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. இருந்தாலும் ஸ்டிக்கர் ஒட்டக் கை வரவில்லை. ராம்பாபுவைக் கூப்பிட்டேன். அவர் துணியைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். பிறகு என் கையில் இருந்த சிவப்பு அம்பை வாங்கித் துணியில் அவரே ஒட்டினார்.

“அண்ணா, இது நெசம்” என்று சொல்லிவிட்டு, ஊசி மாற்றப் போனார்.