ரப்பர் பொம்மைக்கு அப்பாவாக நடித்தது

தேர்வுக்கு வந்த ஒரு பெண் டாக்டரின் மேல், என் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள, பச்சைப் பொய் ஒன்றைச் சொன்னேன். அப்போது எனக்கு வயது அறுபத்தாறு. அறியாத வயதில் செய்துவிட்டேன் என்று தப்பிக்கவும் வழியில்லை.

நான் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியன். வீடு பெங்களூருக்குப் பக்கத்தில், மூக்கண்டப்பள்ளியில். இரண்டு தெரு தள்ளி ஒரு மருத்துவமனை. மயக்க மருத்துவம் படித்து முடித்த டாக்டர்கள் அங்கே தீவிர சிகிச்சைப் பிரிவில் மேலும் ஓராண்டு ஃபெல்லோஷிப் பயிற்சி பெறுகிறார்கள். கடைசித் தேர்வில் ஓர் அறை. கட்டிலில் ரப்பர் பொம்மை, அதன் வாயில் வென்டிலேட்டர் குழாய், பக்கத்தில் 'நோயாளியின் அப்பா'. அந்த அப்பாவிடம் கெட்ட செய்தியைப் பக்குவமாகச் சொல்ல டாக்டருக்குப் பதினைந்து நிமிடம். அப்பா வேடத்துக்கு என்னைக் கூப்பிட்டார்கள். (முப்பது வருடம் பள்ளி ஆண்டு விழா நாடகங்களை இயக்கியவன். வீட்டில் மட்டும் 'மருத்துவமனைக்கு ஆலோசனை சொல்லப் போகிறேன்' என்று அளந்துவைத்திருந்தேன்.)

எனக்குக் கொடுத்த தாளில் இருந்தது இவ்வளவுதான்: மூன்று கேள்வி கேட்கவும், அழவும், டாக்டர் சொல்வதற்குச் சம்மதிக்கவும். முதல் இரண்டு டாக்டர்களிடம் அப்படியே செய்தேன். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த தேர்வாளர் கொட்டாவி விட்டார். அது என்னைச் சுட்டது. மூன்றாவதாக டாக்டர் கௌரி வந்தார். தேன்கனிக்கோட்டைப் பக்கத்து விவசாயி மகள். தேறினால் அதே பிரிவில் வேலை தயார். தவறினால் அது வேறொருவருக்குப் போய்விடும்.

"உங்க மகனுக்குக் கிட்னியும் நின்னுபோச்சுங்க" என்றார் மெதுவாக.

"பெங்களூருக்குத் தூக்கிட்டுப் போறேன்" என்றேன். எங்கள் ஊரில் எந்த வியாதிக்கும் சொந்தக்காரர்கள் முதலில் சொல்லும் வைத்தியம் அது.

"இப்ப வண்டியில ஏத்தினா வழியிலயே ஆபத்துங்க. கலந்து பேச வீட்ல வேற யாராவது இருக்காங்களா?"

கைப்பேசியைக் காதில் வைத்து நடித்தாலே போதும். ஆனால் வெறும் போனில் பேசினால் எனக்கு உணர்ச்சி வராது. நிஜமாகவே மனைவியை அழைத்தேன். "சாந்தா, நம்ம சிவாவுக்குப் பேச்சுமூச்சு இல்ல. உன் தம்பியை ஆஸ்பத்திரிக்கு வண்டி எடுத்துட்டு வரச் சொல்லு" என்று விம்மிவிட்டு வைத்தேன். உடனே திரும்ப அழைத்து விளக்கிவிடத்தான் நினைத்தேன். அழுகை நன்றாக வந்துகொண்டிருந்ததால் விட்டுவிட்டேன்.

என் நிஜ மகன் சிவா அப்போது கம்பெனியில் ஷிப்டில் இருந்தான். உள்ளே போகும்போதே போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும். அம்மா அழைத்த ஏழு அழைப்பையும் லாக்கர்தான் கேட்டது.

ஆறே நிமிடத்தில் கதவு திறந்தது. வாசலில் என் பெயரைச் சொல்லி வழி கேட்டு வந்த சாந்தா கட்டிலில் விழுந்து பொம்மையைக் கட்டிக்கொண்டாள். "உடம்பு ஜில்லுனு ஆயிடுச்சே, சாமி." பின்னால் என் மச்சான் முனிராஜ், வாசலில் அவனுடைய சரக்கு ஆட்டோ. அவன் மட்டும் உற்றுப் பார்த்துவிட்டு, "மாமா, மாப்ள இவ்ளோ செவப்பு இல்லியே" என்றான்.

கௌரி போர்வையை விலக்கினார். "அம்மா, இங்க பாருங்க, இது பொம்மை. உங்க பையன் இல்ல" என்று சாந்தாவின் விரலைப் பிடித்து அதன் ரப்பர் தோளில் அழுத்திக் காட்டினார். நாற்காலியில் உட்காரவைத்து ரத்த அழுத்தம் பார்த்தார். கம்பெனி எண்ணை முனிராஜிடம் வாங்கி, சூப்பர்வைசரைப் பிடித்து, சிவாவையே பேசவைத்தார்.

"என்னம்மா, என்னால இங்க மெஷின் லைனே நிக்குது" என்றான் செத்துப்போன என் மகன்.

மணி அடித்தது. தேர்வாளர் உள்ளே வந்தார். "யார் சார் நிஜமா போன் பண்ணச் சொன்னது?"

மனைவி பார்க்கிறாள், மச்சான் பார்க்கிறான். "டாக்டரம்மாதான். உள்ள வர்றதுக்கு முந்தியே வராண்டாவுல சொன்னாங்க" என்றேன். கௌரி என்னை ஒருமுறை பார்த்தார். மறுக்காமல், சாந்தாவின் கையில் இருந்த ரத்த அழுத்தப் பட்டையைக் கழற்றினார். விதியை மீறியதாகச் சொல்லி, தேர்வாளர் அவரைத் தவறியவராக எழுதிக்கொண்டார்.

மூன்று நாள் சோறு இறங்கவில்லை. நான்காம் நாள் சாந்தாவிடம் உண்மையைச் சொன்னேன். "கெளம்புங்க" என்று செருப்பை எடுத்துப் போட்டாள். (போட்டுக்கொள்ளத்தான்.) தேர்வாளரிடம் நான்கு பக்க ஒப்புதல் கடிதத்தை நீட்டினேன். "வர்ணனை வேண்டாம் சார். என்ன நடந்ததுன்னு ஒரு பக்கம் போதும்" என்றார். எழுதிக் கொடுத்தேன். சாந்தா, கௌரி தனக்குச் செய்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். "நிஜ அம்மாவையே தேத்திட்டாங்க. இதுக்கு மேல நான் எதைச் சோதிக்கிறது?" என்று தேர்வாளர் முடிவைத் திருத்தினார். வேலை கௌரிக்கே கிடைத்தது.

அவரிடமும் மன்னிப்புக் கேட்டேன். "சரிங்க சார்" என்றார். மன்னித்துவிட்டேன் என்று இன்றுவரை சொல்லவில்லை. கேட்க எனக்கும் தைரியம் இல்லை.

இப்போது அந்த அறையில் நோயாளியின் உறவாக நடிப்பவள் சாந்தா. அவள் அழுதால் தேர்வாளரே கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். பொம்மை பழுதாகும் நாட்களில் எனக்கும் வாய்ப்பு உண்டு: கட்டிலில், வாயில் குழாயை ஒட்டிக்கொண்டு படுத்திருக்க வேண்டும். அதற்கான தாளைக் கௌரியே தயாரித்திருக்கிறார். அதில் ஒரே வரிதான்: 'நோயாளிக்கு நினைவு திரும்பவே கூடாது.' சிவா அதைப் படமெடுத்து வீட்டுக் கூடத்தில் மாட்டிவைத்திருக்கிறான்.